கடுகளவு ஆள்

நாணயச்சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், "உங்களுக்கென்ன கவலை, கைச்செலவுக்கு வேணும்னா ரெண்டு அடிச்சுக்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரிப்பார். அவளும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அச்சில் அடித்தது போல ஒரே மாதிரி ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

உண்மையில் அவள் காசு அடிப்பவள் அல்ல. காசில் வருகிற படத்தைச் செதுக்குபவள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பிளாஸ்டரில் ஒரு வட்டம் வார்த்துத் தருவார்கள். அதில் ஊசியும் சின்னக் கத்தியும் வைத்துச் சுரண்டிச் சுரண்டி, மேடும் பள்ளமுமாக ஒரு படத்தை எழுப்புவாள். அதிலிருந்து அச்சு எடுத்து, இயந்திரத்தில் சுருக்கி, எஃகில் வெட்டி, கடைசியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கொண்டுவருவார்கள். அவளுடைய நுணுக்கத்தைப் பார்த்துப் பிரிவில் எல்லாரும் அவளை 'ஊசி' என்றே கூப்பிட்டார்கள். பேச்சிலும் அவள் கொஞ்சம் ஊசிதான்.

ஊரின் பெயர்போன கட்டடங்களையெல்லாம் வரிசையாக நினைவு நாணயங்களாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கலங்கரை விளக்கம் வந்தது. அப்புறம் பழைய ரயில் நிலையம். அப்புறம் நூலகத்தின் கூம்பு மாடம். மூன்றும் அவள் கை. கலங்கரை விளக்கத்தில் மாடிப்படிக்கு வெளிச்சம் விடுகிற ஜன்னல்களைக்கூட ஒன்று விடாமல் செதுக்கியிருந்தாள். சுருக்கும்போது அதெல்லாம் காணாமல் போய்விடும் என்று தெரிந்தும் செய்தாள். "யாருக்கும் தெரியாததுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடற?" என்று பிரிவுத் தலைவர் கேட்டதற்கு, "எனக்குத் தெரியுமே சார்" என்றாள்.

அந்தப் பிரிவுத் தலைவர் சாதுவான மனிதர். நல்ல செய்தியென்றால் நடந்துகொண்டே சொல்லுவார். கெட்ட செய்தியென்றால் உட்காரச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்தது பாலம்" என்றார்.

"உனக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான்மா பாத்தேன். செதுக்கற மத்த ரெண்டு பேர்ல சின்னவ பிரசவத்துக்குப் போயிட்டா. பெரியவருக்குக் கண்ணுல ஆபரேஷன். கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாம்னு சொல்லிப் பாத்தேன். டிசைனுக்கு ஒப்புதல் குடுக்கற குழு ஒத்துக்கல. முன்னாடி வந்த மூணும் ஒரே கை, இதுவும் அதே கையா இருக்கணும்கறாங்க."

"நான் லீவு போட்டுட்டா?"

"நீ வர்ற வரைக்கும் அது அப்படியே உன் மேசை மேல கெடக்கும். பாலத்துக்கு நூறு வருஷம் ஆகுது, விழா தேதி குறிச்சாச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அதோடு முடியவில்லை. முந்தைய நாணயங்கள் வெல்வெட் பெட்டியில் உட்கார்ந்து, சேகரிப்பவர்களின் அலமாரிக்குப் போயின. இது அப்படியில்லையாம். புழக்கத்துக்கும் விடப்போகிறார்களாம். பால் வாங்குகிற இடத்தில், பஸ்ஸில், மருந்துக் கடையில் எல்லார் கையிலும் புரளும்.

அந்தப் பாலத்திலிருந்துதான் அவள் தம்பி விழுந்தான்.

*

அவனை வீட்டில் 'குட்டை' என்று கூப்பிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் அம்மா வைத்த பெயர். பிறகு அவன் யாரையும் கேட்காமல் வளர்ந்து, நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்துக்குப் போய்விட்டான். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "குட்டை, அந்தப் பரண் மேல இருக்கிறத எடுடா" என்று அம்மா சொல்வதைக் கேட்டு, வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள்.

படிப்பு ஏறவில்லை. ஆனால் உயரம் என்றால் அவனுக்குப் பயமே இல்லை. ஆற்றின் முகத்துவாரத்தில் இரும்புக் கம்பிகளில் தொங்குகிற அந்தப் பெரிய பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிற கூட்டத்தில் சேர்ந்தான். அது முடிவே இல்லாத வேலை. உப்புக் காற்றில், அந்த முனையை அடித்து முடிப்பதற்குள் இந்த முனை துரு ஏறிவிடும். "அக்கா, நீ கண்ணுக்கே தெரியாதத செதுக்கற, நான் கண்ணுக்கு அடங்காதத பூசறேன். ரெண்டு பேருக்கும் ஓய்வே கெடையாது" என்பான்.

ஒரு நாள் காலையில், காற்று கொஞ்சம் வேகமாக இருந்த நேரத்தில், விழுந்தான். ஆறு கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்த சமயம். படகு வைத்துத் தேடினார்கள். நீருக்குள் மூழ்கித் தேடுகிறவர்களைக் கொண்டுவந்தார்கள். கரையோரக் குடியிருப்புகளுக்கெல்லாம் சொல்லிவைத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பாலத்தைப் பார்க்கவில்லை. அக்கரையில் சித்தி வீடு. பாலத்தில் போனால் ஒரே பஸ். அம்மா சுற்றுவழியில் பஸ் மாறிப் போய், அரை நாளைத் தொலைத்துவிட்டு வருவாள். சமையலறை ஜன்னலில் நின்றால், இரண்டு கட்டடங்களின் இடுக்கு வழியே பாலத்தின் ஒரு கோபுரம் தெரியும். அந்த ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கிழித்து ஒரு திரை தைத்துப் போட்டுவிட்டாள். 'செத்துப் போனான்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'அவன் போனப்புறம்' என்பாள், ஏதோ வேலைக்குப் போனவனைப் போல.

இப்படிப்பட்டவளிடம் போய் என்ன சொல்வது? மகள் பாலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலையில் போனாள், மாலையில் வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள்.

*

புகைப்படத்தை வைத்துப் பாலம் செதுக்க முடியாது. எந்தக் கம்பி எதற்கு முன்னால் போகிறது, எது பின்னால் போகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மேடு பள்ளம் பிடிபடும். எத்தனை நாள் தள்ளிப்போட முடியும்? ஒரு நாள் வரைபலகையை எடுத்துக்கொண்டு போனாள்.

நடைபாதையில் நின்று பாதி வரைந்திருப்பாள். மேலே வேலையாய் இருந்தவர்களில் ஒருவர் இறங்கி வந்தார். முகமெல்லாம் சாம்பல் நிறப் பெயின்ட் தெறித்திருந்தது. குட்டையின் மேஸ்திரி. அவன் விழுந்தபோது வீட்டுக்கு வந்து, உட்காராமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர்.

"தங்கச்சி, நீ எங்க இங்க?"

சொன்னாள். அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காசுல வரப்போகுதா இது? நல்லா இருக்கே கதை."

"அவன் எங்க நின்னான்?"

மேஸ்திரி கோபுரத்துக்கு இந்தப் பக்கம், பெரிய கம்பி வளைந்து இறங்குகிற இடத்தைக் காட்டினார். "அங்கதான். ஒரு காலைக் கீழ் வளையத்துல ஊனிக்குவான். இன்னொரு காலு அந்தரத்துல. வலது கையைக் கம்பியில சுத்திப் போட்டுக்குவான். அவன் இடது கைக்காரன் இல்ல? அதனால நாங்க யாரும் எட்ட முடியாத எடமெல்லாம் அவனுக்குத்தான். சட்டைய உள்ள விடவே மாட்டான். கொடி மாதிரி பறந்துக்கிட்டிருக்கும்."

"பாதுகாப்பு பெல்ட் போடலைன்னு அறிக்கைல எழுதியிருந்தாங்களே."

"போட்டிருந்தான். நான் என் கண்ணால பாத்தேன். கொக்கிதான் தேஞ்சு கெடந்துச்சு. விசாரணைல சொன்னேன். 'நீங்க அவ்வளவு தூரத்துல இருந்து எப்படிப் பாத்தீங்க'ன்னு கேட்டாங்க. அப்புறம் ஆளே கெடைக்கல, பெல்ட்டு எங்கேருந்து கெடைக்கும்? அவன் கவனக்குறைவுன்னு முடிச்சுட்டாங்க." துணியை மறுபடி தலையில் கட்டினார். "நானும் பொண்டாட்டி புள்ளைக்காரன், தங்கச்சி. அதுக்கு மேல கத்த முடியல."

அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அவள் மட்டும் என்ன கத்திவிட்டாள்? மிச்சத்தை வரைந்து முடித்துக்கொண்டு வந்தாள்.

*

முதல் மாதிரியைக் குழு பார்த்தது. கோபுரம் இரண்டு, கம்பிகள், கீழே ஆறு. நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால், வெறும் இரும்பாக இருக்கிறதாம், கொஞ்சம் உயிரோட்டம் வேண்டுமாம். "ஒரு ஆள், ஒரு படகு, ஏதாவது. மனுஷ வாடையே இல்லையே" என்றாராம் குழுவின் செயலர்.

அவள் முதலில் படகு ஒன்றைச் செய்து பார்த்தாள். அது மிதக்கவில்லை, ஆற்றில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்தாள். நடைபாதையில் இரண்டு பேரை நடக்கவிட்டாள். கைப்பிடிக் கம்பிகளுக்குள் அவர்கள் தொலைந்துபோனார்கள். ஒரு வாரம் எதுவும் சரிவரவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவள், பெரிய கம்பி வளைந்து இறங்குகிற இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டரை அப்பினாள். எதைச் செய்யப்போகிறோம் என்று அவளுடைய கைக்குத் தெரிந்திருந்தது. அவள் தடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அவன் வந்துவிட்டான். சுண்டுவிரல் நகத்தின் உயரம். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் அந்தரத்தில். வலது கை கம்பியைச் சுற்றியிருக்க, இடது கையில் தூரிகை. நாணயத்தில் கடுகளவுதான் வருவான். ஆனால் இருப்பான்.

பிரிவுத் தலைவர் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும்போது அம்மா கேட்டாள்: "என்னடி, ரொம்ப நாளா வாயே தெறக்க மாட்டேங்கற? ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

இனிமேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. "பாலத்தைச் செதுக்கறேன்மா" என்றாள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ஆள் யாராவது இருக்காங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒருத்தன் இருக்கான்."

"என்ன பண்றான்?"

"பெயின்ட் அடிக்கிறான்."

"எந்தக் கையால?"

"இடது கையால."

அம்மா கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சட்டைய உள்ள விட்டுடாதே. அவனுக்குப் பிடிக்காது" என்றாள்.

அந்த நாளிலிருந்து அம்மா வேறொருத்தி ஆனாள். மாலையில் இவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு என்ன பண்ணான்?" என்று கேள்வி வரும். முகம் வைக்க முடியுமா என்று கேட்டாள். அவ்வளவு சின்ன இடத்தில் மூக்குகூட வராது என்றதும், "மூக்கு வேணாம், கழுத்து நீளம் தெரிஞ்சா போதும், பெத்தவளுக்கு அது போதாதா" என்றாள். அவன் நிற்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்குவான், அதைக் கவனி என்றாள். சித்திக்குப் போன் போட்டு, "எம்புள்ள காசுல வரான்டி" என்று சொன்னதை இவள் குளியலறையிலிருந்து கேட்டாள். அம்மாவின் குரல் அப்படி ஏறி அவள் கேட்டே பல காலம் ஆகியிருந்தது. மறுநாள் பிளாஸ்டரில் அவன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். சட்டை நுனியைக் காற்றில் இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டாள்.

*

இரண்டாவது கூட்டத்துக்கு அவளையும் வரச் சொன்னார்கள். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், நடுவில் அவளுடைய பிளாஸ்டர் வட்டம். செயலர் நல்ல மாதிரி ஆள்தான். வயதில் சின்னவர், யாரையும் கை நீட்டிப் பேசாதவர்.

"ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க மேடம்" என்று ஆரம்பித்தார். "இந்த ஆள் மட்டும் வேண்டாம்."

"நீங்கதான ஆள் கேட்டீங்க?"

"கேட்டோம். நடந்து போறவங்க மாதிரி நெனச்சோம். இது... எப்படிச் சொல்றது. அந்தப் பாலத்துல முன்னாடி ஒரு விபத்து நடந்திருக்கு. ஒரு பெயின்டர் விழுந்துட்டார். விழா நேரத்துல அத யாரும் கெளப்ப வேண்டாம்னு மேல சொல்றாங்க. இவரும் பெல்ட் இல்லாம நிக்கற மாதிரி இருக்கு."

"பெல்ட் போட்டு விடறேன்" என்றாள் அவள். குரல் அவளுக்கே தெரியாமல் கெஞ்சியது. "ஒரு கோடுதான் சார். இப்பவே போட்டுடுவேன்."

"பெல்ட் விஷயம் இல்ல மேடம். ஆள் இருந்தாலே கேள்வி வரும்."

பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"அந்த விழுந்த பெயின்டர் என் தம்பி" என்றாள்.

செயலரின் முகம் வெளுத்துவிட்டது. தன் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. ரொம்ப வருத்தமா இருக்கு." அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே வருந்தினார். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

"ஆனா இது தெரிஞ்சப்புறம் நாங்க எப்படி விட முடியும், சொல்லுங்க?" என்றார் மெதுவாக. "செதுக்கினவங்களோட சொந்தக்காரர் காசுல இருக்கார்னு நாளைக்கு வெளிய வந்தா? உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அந்த எடம் காலியா தெரியும்னா ஒரு பறவை போட்டுடுங்க. ரெண்டு பறவைகூடப் போடலாம்."

வெளியே வந்ததும் பிரிவுத் தலைவர், "நான் எடுத்துடறேன்மா, நீ வீட்டுக்குப் போ" என்றார். அவருடைய கை இப்போதெல்லாம் கையெழுத்துப் போடும்போதே நடுங்கும். அந்தக் கை கத்தியைத் தொட்டால், அவன் பிடித்திருக்கிற கம்பியும் சேர்ந்து போகும்.

"வேணாம் சார். நானே எடுக்கறேன்."

தட்டைக் கத்தியை எடுத்தாள். முதலில் தூரிகை, பிறகு கை, பிறகு தலை. அவனைச் செய்ய ஒரு பிற்பகல் முழுக்க ஆயிற்று. எடுப்பதற்கு, மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கம்பியின் மேல் கொஞ்சம் வெள்ளைத் தூள் கிடந்தது. வேலைப் பழக்கம், யோசிப்பதற்கு முன்னால் குனிந்து ஊதிவிட்டாள்.

ஊதிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. தரையைப் பார்த்தாள். காலையிலிருந்து சுரண்டிய தூளெல்லாம் அங்கேதான் கிடந்தது. எது எதென்று யாருக்குத் தெரியும்?

பறவையைச் செய்தாள். இறக்கையை விரித்த ஒரே ஒரு பறவை.

*

வீட்டில் அம்மா கேட்டாள்: "இன்னிக்கு எப்படி இருந்தான்?"

"நல்லா இருக்கான்" என்றாள்.

மறுநாளும் அதையே சொன்னாள். நாளைக்குச் சொல்லிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம், சித்தி வரும்போது அவளை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப் போயிற்று. ஒரு நாள் மாலையில் வந்து பார்த்தபோது, சமையலறை ஜன்னலின் திரையை அம்மா துவைக்கப் போட்டிருந்தாள். காய்ந்த பிறகு அதைத் திரும்ப மாட்டவில்லை. அதைப் பார்த்தபின் இவளுக்கு நாக்கே எழவில்லை.

நாணயம் வெளிவந்தது. அன்றைக்கு இவளுக்கு விழாவில் உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். யாரோ ஒரு பெரிய மனிதர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அவளுக்கு முன்பே வங்கிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்திருந்தாள். மேசை மேல் விளக்கை இழுத்து வைத்து, பூக்கோலம் மாதிரி நாணயங்களைப் பரப்பி, சித்தி வீட்டிலிருந்து வாங்கிவந்த பழைய பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டாள்.

"வா. கண்ணு மங்கிப் போச்சு எனக்கு. எங்க இருக்கான்னு நீயே காட்டு."

அவள் உட்கார்ந்தாள். அம்மா ஒரு நாணயத்தை எடுத்து அவள் பக்கம் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தால் தொட்டாள். "இங்க ஏதோ இருக்கே. கம்பி எறங்கற எடத்துல. சட்டை பறக்கற மாதிரி. இவன்தான?"

'ஆமா' என்ற ஒரு சொல் போதும். அம்மாவின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. சித்தியின் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நகம் பறவையின் இறக்கையை அவ்வளவு மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது.

"அது பறவைம்மா" என்றாள்.

"அப்ப அவன் எங்க?"

"இல்ல. எடுக்கச் சொல்லிட்டாங்க."

அம்மா நாணயத்தை மேசையில் வைத்தாள். "எப்ப?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே."

"அப்போ தெனமும் நல்லா இருக்கான்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"யாரு எடுத்தது?"

"நான்தான். நானே எடுத்தேன்."

இவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா பூதக்கண்ணாடியை அதன் உறைக்குள் போட்டாள். உறையின் வாய் இறுகிக் கிடந்ததால் அது உள்ளே போகவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டாள்.

"சொல்லிட்டு எடுத்திருக்கலாமில்ல" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "நான் ஒரு தடவ வந்து பாத்திருப்பேன்ல? அவனத்தான் கடைசியா கண்ணுல காட்டல யாரும்."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. அத்தனை நாளில், அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பிரிவுத் தலைவரிடம் கேட்டிருந்தால் உள்ளே விட்டிருப்பார். அதற்கு மட்டுமாவது அவர் கையில் அதிகாரம் இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில், பழைய அச்சுகள் வைக்கிற அறையைத் திறக்கச் சொன்னாள். ஆள் இருந்தபோது எடுத்த ரப்பர் அச்சு ஒன்று இருந்திருக்க வேண்டும். பிரிவுத் தலைவர் கூடவே வந்து, அலமாரிக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தார். "ஒப்புதல் ஆகாதத வெட்டிப் போட்டுடணும்னு விதிம்மா. அன்னிக்கே வெட்டிட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்." அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் களிமண்ணில் அவனை மறுபடி செய்யப் பார்த்தாள், அதே அளவில், அதே நிலையில். அம்மா வந்து நின்று பார்த்தாள். "விடுடி" என்றாள். "அது வெறும் பொம்மை. பாலம் இல்லாம அவன் எங்க நிப்பான்?"

*

சில நாள் கழித்து அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "என்னைக் கூட்டிட்டுப் போ. அந்த எடத்தையாவது பாக்கறேன்."

விழா வாரம் இன்னும் முடியவில்லை. பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களை மட்டும் விட்டிருந்தார்கள். ஊரே அங்கே இருந்தது. கைப்பிடி முழுக்க மக்கள். நாணயத்தைத் தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னால் நிஜக் கோபுரம் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இடித்துப் பிடித்து, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"இங்கதான்மா. மேல, அந்த வளைவுல."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். புதிதாக அடித்த சாம்பல் நிறப் பெயின்ட் பளபளத்தது. பின்னாலிருந்து ஒரு குடும்பம், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, போட்டோல விழறீங்க" என்றது. தள்ளிக்கொண்டார்கள். அம்மா மறுபடி அண்ணாந்தாள். விசில் ஊதிக்கொண்டு ஒரு காவலாளி வந்தான்.

"நிக்காதீங்கம்மா, நகருங்க, நகருங்க. பின்னால கூட்டம் வருது."

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா.

"எல்லாரும் ஒரு நிமிஷம்னுதான் சொல்றாங்க. போய்க்கிட்டே இருங்க."

"அவங்க பையன்..." என்று இவள் ஆரம்பித்தாள். அவன் அதற்குள் அடுத்தவர்களை நகர்த்தப் போய்விட்டான். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. திரும்பிப் போகவும் வழியில்லை, ஒரு பக்கமாகத்தான் விட்டிருந்தார்கள். அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கோபுரம் மறைகிறவரை பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

அக்கரையில் இறங்கியதும் படிக்கட்டு ஓரமாக ஒரு சிமென்ட் பெஞ்சு காலியாக இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் இவள் அதைப் பார்த்ததில்லை. சத்தமாக, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் நின்று, "என்னாச்சு, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

இவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

அந்தப் பெண் போய்விட்டாள். அம்மாவின் மடியிலிருந்து பை நழுவிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.